எப்சியும் கூழன் சக்கையும்

போன செவ்வாய்க்கிழமை தக்கலையில் பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் ஓர் இளம் தம்பதி. அந்தப் பெண்ணின் மடியில் ஒன்றரை வயதுப் பையன். பையனின் இரண்டு கைக்கும் நடுவில் ஒரு முழு மாம்பழம்.

பஸ் வில்லுக்குறி தாண்டுவதற்குள் அந்தப் பழத்தில் கால்வாசி அவன் வயிற்றுக்குள் போயிருக்கும். மீதி முக்கால்வாசி? அவன் தலைமுடியில், அம்மாவின் தோளில், ஜன்னல் கம்பியில்... கடைசியாக என் முந்தானையில்.

தகப்பனார் ஏதோ ஆபீசில் வேலை பார்க்கிறவர் போலிருக்கிறது. தேய்த்து மடித்த வெள்ளைக் கோட்டு. அதை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பெற்ற பிள்ளையிடமிருந்து எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு தூரம் விலகி உட்கார்ந்திருந்தார். பழத்தைப் பிடுங்கி வெளியே போடும்படி பல்லைக் கடித்துக்கொண்டு மனைவியிடம் சொன்னார். அவள் என் முந்தானையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

பரவாயில்லை, தின்னட்டும் என்றேன். அவள் நம்பவில்லை. நாகர்கோவில் வரும்வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

நம்பாததில் ஆச்சரியம் என்ன? பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் அந்தப் பஸ்ஸில் இருந்திருந்தால், வெள்ளைக் கோட்டுக்காரருக்குப் பக்கத்தில் இன்னோர் ஆளாக ஒதுங்கித்தான் உட்கார்ந்திருப்பேன்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் — மேலெல்லாம் பூசிக்கொள்ளாமல் சிறு பிள்ளைக்குப் பழம் கொடுக்க ஏதாவது வழி உண்டா என்று. ‘வழி இல்லை அம்மா’ என்று ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரியை நான் தெரிந்துகொண்ட விதம் கார்டில் அடங்காதே...

எனக்குக் கல்யாணம் ஆனபோது வயது இருபத்து நாலு. எங்கள் பக்கத்தில் அது முற்றிப்போன வயது. மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்து, அங்கேயே போர்டிங்கில் தங்கி, அங்கேயே டீச்சராகவும் ஆகியிருந்தேன். காலையில் நகத்தைக் காட்ட வேண்டும். மத்தியானம் கைக்குட்டையைக் காட்ட வேண்டும். சாப்பிடும்போது சோறு விரலின் இரண்டாவது கணுவுக்கு மேல் ஏறினால் அன்றைக்கு உங்கள் பெயருக்கு எதிரே ஒரு கரும்புள்ளி. பத்து வருஷம் இப்படி வளர்ந்தவளுக்கு, அழுக்கு என்பது ஒரு பாவம் மாதிரி. எனக்கு அழுக்கைக் கண்டால் கோபம்கூட வராது. பயம்தான் வரும்.

மாப்பிள்ளை தக்கலை அஞ்சல் ஆபீசில் அஞ்சல் மாஸ்டர். திருவிதாங்கூருக்கென்று தனியாக ஓடுகிற தபால் இலாகா இந்த ‘அஞ்சல்’ — வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அவருக்கு முப்பத்திரண்டு வயது. அதிகம் பேசமாட்டார். முதல் மனைவி தங்கபாய் காய்ச்சலில் இறந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு பெண் குழந்தை. எப்சிபாய் என்று ஞானஸ்நானப் பெயர். கூப்பிடுவது எப்சி.

தாய் போனபோது எப்சிக்கு எட்டு மாதம். தங்கபாயின் அக்கா ஞானபாய்தான் தூக்கிக்கொண்டு போய், நெய்யூருக்குப் பக்கத்தில் தன் வீட்டில் வைத்து வளர்த்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் கல்யாணம் முடிந்த மறுவாரம், சித்திரை பிறக்கிற சமயம், அவரே பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார். ஒரு கையில் பிள்ளை. மறு கையில் அதன் துணிமணிகள் வைத்த சின்னத் தகரப் பெட்டி.

யோசித்துப் பாருங்கள். ஏழெட்டு மாதம் தோளில் போட்டு வளர்த்த பிள்ளையை, முன்பின் தெரியாத ஒருத்தியின் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தார். துணிகளை எடுத்து அடுக்கிவிட்டு, காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போது சொன்னார் — என்னிடம் இல்லை, என் வீட்டுக்காரரிடம்.

“ஒரு மாசம் பாப்பேன். பிள்ள மெலிஞ்சுதுன்னா நான் தூக்கிட்டுப் போயிருவேன். அப்பம் ஒண்ணும் சொல்லப்பிடாது.”

அவர் தலையாட்டினார். நானும் உள்ளுக்குள் தலையாட்டினேன். ஒரு மாதத்தில் இந்தப் பிள்ளையைக் கொழுகொழுவென்று ஆக்கிக் காட்டுகிறேனா இல்லையா பாருங்கள் என்று.

என்னிடம்தான் எல்லாம் தயாராக இருந்ததே! பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஓர் இங்கிலீஷ் புஸ்தகம். கல்யாணப் பரிசாக மிஷன் துரைசாணி கொடுத்த சின்ன வெள்ளி ஸ்பூன். இனாமல் கிண்ணம். பிள்ளையின் கழுத்தில் கட்ட, ஓரத்தில் லேஸ் வைத்து நானே தைத்த நாலு துணி. காலை ஆறு மணி, பத்து மணி, மத்தியானம் இரண்டு மணி, சாயங்காலம் ஆறு மணி — புஸ்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

எப்சிதான் அந்தப் புஸ்தகத்தைப் படித்திருக்கவில்லை.

ஸ்பூனைக் கண்டதும் வாயை மூடிக்கொள்வாள். சும்மா மூடுவதில்லை... இரண்டு உதட்டையும் உள்ளே மடித்து, முளைத்திருந்த ஆறு பல்லாலும் கடித்துக்கொள்வாள். அரிசிக் கஞ்சி, பால், கேழ்வரகுக் கூழ், பாலில் நனைத்த ரொட்டி — எதுவும் உள்ளே போகாது. அழவும் மாட்டாள். அழுதாலாவது வாய் திறக்குமே. முதுகை எனக்குக் காட்டி உட்கார்ந்துகொண்டு வாசலைப் பார்ப்பாள். அந்த வாசல் வழியாகத்தானே ஞானபாய் அக்கா போனார்?

என் வீட்டுக்காரர் மடியில் வைத்துக்கொண்டால் நாலு வாய் வாங்குவாள். அவர் ஆபீசுக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். அதுவரை நானும் அவளும் ஸ்பூனும்.

பத்து நாளில் அவள் கையில் கிடந்த கறுப்பு வளை முழங்கை வரை ஏறி இறங்க ஆரம்பித்தது.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். ஒரு நாள் அவள் மூக்கைப் பிடித்தேன். இரண்டு விரலால் மூக்கைப் பிடித்தால் வாய் திறந்துதானே ஆக வேண்டும்? திறந்தது. ஸ்பூனை உள்ளே விட்டேன். புரையேறிவிட்டது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, உள்ளே போனதையெல்லாம் என் மேலேயே கக்கினாள். மூச்சு வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இல்லை. ‘நீ இதுவும் செய்வாய் என்று எனக்குத் தெரியும்’ என்பதுபோல ஒரு பார்வை.

ஸ்பூனைக் கழுவி வைத்தேன். புடவையை மாற்றினேன். அடுக்களை மூலையில் உட்கார்ந்து அழுதேன். யாருக்காக? பிள்ளைக்காக என்று எழுதத்தான் ஆசை. நிஜத்தைச் சொன்னால் எனக்காகத்தான் அழுதேன். அதுவரை எந்தப் பரீட்சையிலும் நான் தோற்றதில்லை.

குளச்சலிலிருந்து சிலுவம்மை என்கிற மீன்காரி கூடையைத் தலையில் வைத்து, ஓட்டமும் நடையுமாகத் தக்கலைக்கு வருவாள். எங்கள் வீட்டில் கூடையை இறக்கினால் முதலில் மீனைக் காட்டமாட்டாள். பிள்ளையைத்தான் பார்ப்பாள். வளையைத் தள்ளிப் பார்ப்பாள். மீனைப் போட்டுவிட்டுப் போவாள்.

அவள் வருவதும் போவதும் நெய்யூர் வழியாக. ஞானபாய் அக்கா வீட்டுக்கும் அவள்தான் மீன் கொடுக்கிறாள். அப்புறம் கேட்க வேண்டுமா? எப்சி எத்தனை வாய் தின்றாள், எத்தனை வாய் துப்பினாள் என்கிற செய்தியெல்லாம் என் வீட்டுக்காரரின் இலாகாவைவிட வேகமாக நெய்யூருக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

மாதம் முடிய நாலைந்து நாள் இருக்கும். சிலுவம்மை கூடையைத் தூக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“நெய்யூர் அக்கா பெட்டியத் தொடச்சி வெயில்ல வச்சிருக்காவ. ஞாயித்துக்கெழம ஆராதன கழிஞ்சி இங்கோட்டு வருவாவளாம்.”

அவள் போன பிறகு அங்கேயே நின்றேன். முதலில் என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. போகட்டும், தின்கிற இடத்தில் போய்த் தின்னட்டும். இரண்டு நிமிஷம் அப்படித்தான் இருந்தது. பிறகு முற்றத்துக் கொடியில் அவளுடைய கவுன்கள் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குத்தான் ஒவ்வொன்றும். என் புடவைக்கும் அவருடைய வேட்டிக்கும் நடுவில். அதைப் பார்த்ததும் அந்த நிம்மதி எங்கே போனதென்றே தெரியவில்லை...

சனிக்கிழமை வந்தது.

இங்கே கொஞ்சம் சக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலாப்பழத்தை எங்கள் பக்கம் சக்கை என்போம். அதில் இரண்டு ஜாதி — வருக்கை, கூழன். வருக்கை கண்ணியமான பழம். சுளை விறைப்பாக நிற்கும். கையில் எடுத்துக் கடித்துத் தின்னலாம். பிரசங்கியாருக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கலாம். கூழனுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. பழுத்தால் சுளை முழுக்கக் கூழாகிவிடும். பிடித்தால் நழுவும். வாயில் போட்டால் நம்மைக் கேட்காமலே வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போகும். தேன் முழங்கை வழியாக ஒழுகும். பிசின் விரலை ஒட்டிக்கொண்டால் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்க்காமல் போகாது. நாலு பேர் பார்க்கத் தின்ன முடியாத பழம். எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்ற மரம் கூழன். அதன் பழமெல்லாம் பக்கத்து வீட்டு மாட்டுக்குத்தான் போகும்.

அன்றைக்குப் பத்து மணிக் கஞ்சியை எப்சி வழக்கம்போலத் திருப்பி அனுப்பிவிட்டாள். பின்பக்கத்து இறவாரத்தில் பாய் விரித்து அவளை உட்கார வைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். தொப்பென்று ஒரு சத்தம். பார்த்தால், பாய்க்குப் பத்தடி தள்ளி, மரத்தடியில் ஒரு சக்கை விழுந்து வாய் பிளந்து கிடக்கிறது. மஞ்சளாக, பளபளவென்று, ஈ மொய்க்க.

அள்ளி அப்புறப்படுத்தலாம் என்று மண்வெட்டி எடுக்க உள்ளே போனேன். மண்வெட்டியைத் தேடி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? திரும்பி வருகிறேன்... பாய் காலியாகக் கிடக்கிறது.

எப்சி சக்கைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

‘சக்கைக்கு முன்னால்’ என்று எழுதவில்லை, கவனியுங்கள். உள்ளேதான். காலை நீட்டி, பிளந்து கிடந்த பழத்துக்கு நடுவில், இரண்டு கையையும் முழங்கை வரை விட்டுக்கொண்டு. முகத்தில் கண் இரண்டும் தவிர மீதியெல்லாம் மஞ்சள். லேஸ் வைத்த துணி எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. வாய் உப்பியிருந்தது.

கொட்டை. எனக்கு முதலில் அதுதான் தோன்றியது. சுளையோடு கொட்டையையும் விழுங்கினால்? மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். தாடையைப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டேன். கொட்டை இருந்தது. எடுத்தேன். அவள் என் விரலைக் கடித்தாள். ஆறு பல்லும் பதிந்தது. கடித்துவிட்டு, உதட்டை நக்கிவிட்டு, என்னைப் பொருட்படுத்தாமல் அடுத்த சுளையை நோண்டினாள்.

தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியில் முக்கியிருக்க வேண்டும். கை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றது.

ஏனென்றால் அவள் தின்றுகொண்டிருந்தாள்.

ஒரு மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பிள்ளை எதையோ ஆசைப்பட்டுத் தின்கிறதைப் பார்த்தேன். கண்ணை மூடி, உறிஞ்சி, சத்தம் போட்டு. நார் மோவாயில் தொங்கியது. அவளுக்கு என்ன? என் மனசுக்குள் போர்டிங் மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது — மண், ஈ, பிசின், நகம்! ஆனாலும் உட்கார்ந்தேன். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைப் புடவையோடு, அந்த மண்ணில், அந்தத் தேனில்.

அவள் கைக்கு எட்டுகிற சுளைகளிலிருந்து கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து என் பக்கத்தில் போட்டேன். கூழை ஒரு விரலில் எடுத்து அவள் வாய்க்கு நேரே நீட்டினேன். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழம் வேண்டும், என் கை வேண்டாம். சரி என்று கையை இழுத்துக்கொண்டேன். எனக்கு என்னவோ அப்போது அழுகை வரவில்லை. கொட்டையை எடுத்துப் போடுவதே போதும் என்று இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தின்பதை நிறுத்தினாள். என்னை உற்றுப் பார்த்தாள். நான் தின்னாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே சப்பிப் பார்த்த ஒரு சுளையைக் கையில் பிசைந்து எடுத்தாள். எழுந்து, ஒரு கையால் என் தோளைப் பிடித்து நின்றுகொண்டு, மறு கையை என் வாய்க்குள் திணித்தாள்.

எச்சில். மண். ஒரு எறும்பும் இருந்திருக்கும்.

வாயை மூடிக்கொள்ள எனக்கும் தெரியும். அந்த ஒரு மாதத்தில் அவளிடம் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தேனே! ஆனால் அவள் முகம் என் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. நான் தின்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்பூனோடு அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே... அதே மாதிரி.

தின்றேன். பல்லில் மண் நறநறத்தது. விழுங்கினேன்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அதுவரை நான் பார்த்ததே இல்லை. இன்னொரு பிடி வந்தது. அதையும் தின்றேன். மூன்றாவது பிடி பாதி என் மூக்கில் போயிற்று. நாலாவது தடவை நான் ஒரு விரலில் கூழை எடுத்துச் சும்மா பிடித்தேன், நீட்டக்கூட இல்லை. அவள் குனிந்து என் விரலை வாய்க்குள் வாங்கிக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. நான் அவளுக்கு, அவள் எனக்கு. என் தலைமுடி கன்னத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

“இந்தக் கோலத்துலயா பிள்ளைய வச்சிருக்க?”

வீட்டின் பக்கவாட்டில் ஞானபாய் அக்கா நின்றிருந்தார். கையில் தகரப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை வரை அவருக்குப் பொறுக்கவில்லை.

நான் எழுந்து நிற்கப் பார்த்தேன். புடவை தரையோடு ஒட்டியிருந்தது. எப்சி அவரைப் பார்த்தாள். என் தோளிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, விழுந்து எழுந்து, அவரிடம் ஓடினாள். அவர் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, தன் துணியெல்லாம் மஞ்சளாகும்படி அவளை வாரி எடுத்துக்கொண்டார். எப்சி அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். முடிந்துவிட்டது.

அக்கா பிள்ளையைக் குளிப்பாட்டினார். நான் என்னைக் கழுவிக்கொண்டேன். கூழன் பழம் சின்ன வயிற்றுக்கு ஆகாது என்று மட்டும் சொன்னார். அது சரியாகவும் இருந்தது. மறுநாள் காலை எப்சிக்கு வயிறு இளகிவிட்டது. சக்கையைக் கொடுத்தது நான். அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஓமம் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தார். அன்றைக்கு ஆராதனைக்கு நாங்கள் இரண்டு பேருமே போகவில்லை. ஒருத்தி துணி மாற்ற, ஒருத்தி துணி கசக்க, பகல் போயிற்று.

மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு நின்றது. பிள்ளைக்குப் பசி வந்தது. மட்டிப்பழம் — எங்கள் பக்கத்துச் சின்ன வாழைப்பழம் — ஒன்றைக் குழைந்த சோற்றோடு போட்டுக் கையாலேயே பிசைந்தேன். ஸ்பூனைத் தேடவில்லை. நான் ஒரு வாய் தின்றேன். அவளுக்கு ஒரு வாய் நீட்டினேன். வாங்கினாள். பிறகு கிண்ணத்துக்குள் கையை விட்டு எனக்கு ஒரு வாய் தந்தாள். அக்கா அடுக்களை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாலாம் நாள் காலை அவர் புறப்பட வேண்டும். எப்சி அந்த மூன்று நாளும் அக்காவின் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. தின்ன மட்டும்தான் என்னிடம் வந்தாள். அதை நான் பார்க்காமல் இல்லை. தகரப் பெட்டியைத் திறந்து, எப்சியின் கவுன்களை ஒவ்வொன்றாக மடித்து நானே அடுக்கினேன். லேஸ் வைத்த துணிகளையும் வைத்தேன். கறுப்பு வளையை ஒரு கடுதாசியில் சுற்றி வைத்தேன். பெட்டியை மூடி வாசலில் கொண்டுவந்து வைத்தேன்.

அக்கா தூக்கிப் பார்த்தார். கனத்தது. திறந்தார்.

“இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்டார்.

அவள் உங்களிடம்தான் சந்தோஷமாக இருக்கிறாள், என்னால் அது இனிமேலும் முடியுமா என்று தெரியவில்லை — இப்படி ஏதோ சொன்னேன்.

அக்கா கீழே உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து கவுன்களை எடுத்து என் மடியில் வைத்தார். ஒவ்வொன்றாக.

“அன்னைக்கு நான் வந்த ஒடனே விளிக்கேல, கேட்டியா? ரொம்ப நேரமாட்டு அங்க நின்னேன். அவ எச்சிய வாரி வாரித் தந்தா, நீ தின்னிட்டிருந்த.”

கடைசிக் கவுனைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்தார். மறுபடி மடித்தார்.

“எனக்க தங்கச்சி தின்னிருப்பா. வேற யாரு தின்னுவா?”

காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். எப்சி அழுதாள். நன்றாக, வாய் திறந்து, முகம் கோணி அழுதாள். அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். எனக்கு அவரைக் கூப்பிட வேண்டும்போல இருந்தது... கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் எப்போதாவது நினைத்துக்கொள்வேன். என் இடுப்பில் நன்றாகத் தின்று கனத்த ஒரு பிள்ளை. அவர் கையில் கனமே இல்லாத ஒரு பெட்டி.

மாதம் ஒரு தடவை வருவார். பிறகு கண் மங்கிவிட்டது; நாங்கள்தான் போகிறோம்.

அந்த வருஷம் மழை பிடிக்கும்வரை எங்கள் வீட்டுக் கூழன் சக்கை ஒன்றுகூட மாட்டுக்குப் போகவில்லை. அளவாகத்தான் கொடுத்தேன் — வயிற்றுக்குப் பயந்து. என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வந்தால் முதலில் எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்ப்பார். ஒருநாள் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எப்சி அவர் வாயிலும் திணித்தாள்.

எப்சி பேச ஆரம்பித்தது அந்த மழைக்காலத்தில்தான். என்னிடம் வந்து நின்றுகொண்டு “சக்க” என்பாள். சக்கை கேட்கிறாள் என்று நினைத்து, மரத்தில் தீர்ந்துவிட்டது என்று கையை விரித்துக் காட்டுவேன். மறுபடி “சக்க” என்பாள். மட்டிப்பழம் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், திரும்பவும் “சக்க”. காலையில் கண் விழித்ததும் “சக்க”. விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் “சக்கே...” என்று ஓர் அழுகை. இந்தப் பிள்ளைக்கு இப்படியும் ஒரு ஆசையா என்று எனக்குக் கவலையாகப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆண்கள் பக்கம் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். நான் இந்தப் பக்கம். எல்லாரும் தலை குனிந்து மௌனமாக ஜெபிக்கிற நேரம். அவள் தலையைத் தூக்கி, கூட்டத்தில் தேடி, என்னைக் கண்டுபிடித்து, கோயில் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள் — “சக்கே!”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் பழத்தைக் கேட்கவில்லை. அது என் பெயர்.

பிறகு அது ‘சக்கம்மா’ ஆயிற்று. தெரு முழுக்க என்னைச் சக்கம்மா என்றே சொல்லும்படி ஆகிவிட்டது. சிலுவம்மை வாசலில் நின்று “சக்கம்மோ, சாளை இருக்கு” என்று விளிப்பாள். எப்சி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஏதோ ஒரு பிள்ளை கேட்டுச் சிரித்திருக்கிறது போல. ஒருநாள் சாயங்காலம் ஸ்லேட்டும் கையுமாக வந்து நின்று, ரொம்ப மரியாதையாக “அம்மா” என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டேன்.

இப்போது அவளுக்குப் பதினாலு வயது. நாகர்கோவிலில் போர்டிங்கில் இருக்கிறாள். தங்கபாயின் போட்டோ எங்கள் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. அவளுக்கு எல்லாம் தெரியும். இந்தச் சக்கைக் கதையை மட்டும் போன லீவில்தான் முழுசாகச் சொன்னேன். சீ, நானா என்று முகத்தைச் சுளித்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து கேட்டாள்.

“நெசமாட்டு மண்ணோடயா தின்னீங்க?”

மண்ணோடுதான் என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலை வாரிக்கொள்ளப் போய்விட்டாள்.

வாரம் தவறாமல் கடிதம் எழுதுகிறாள். கறை இல்லாத காகிதம், கோணல் இல்லாத வரி, பிழை இல்லாத எழுத்து. ஆரம்பத்தில் எப்போதும் ‘அன்புள்ள அம்மாவுக்கு’.

சந்தோஷம்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும், என் பெயரில் பாதியை யாரோ அழித்துவிட்ட மாதிரி இருக்கிறது.